ஒரு நகமா, பத்து நகமுமா?

போன இதழில் ரத்தசோகை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "நகம் குழிந்து கரண்டி மாதிரி ஆகிவிடுவதும் உண்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால், உங்களில் பாதிப் பேர் விளக்கடியில் உட்கார்ந்து விரலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. படம் அனுப்பியவர்களில் ஏழெட்டுப் பேர் நெயில் பாலிஷோடு அனுப்பியிருக்கிறீர்கள், அதில் நான் என்னத்தைப் பார்ப்பது? சரி, இந்த இதழ் முழுக்க நகம்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே திரும்பத் திரும்ப இதையேதான் கேட்கப்போகிறேன்: மாற்றம் ஒரு நகத்தில் இருக்கிறதா, எல்லா நகத்திலும் இருக்கிறதா? ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த விரலுக்கு ஏதோ நடந்திருக்கிறது. பத்திலும் என்றால் உடம்பைப் பற்றி யோசிக்கலாம். இதற்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு, கறுப்புக் கோடு. அது பின்னால் வருகிறது.

கேள்வி: எனக்கு 54 வயது. நாலைந்து வருடமாக எல்லா விரல் நகங்களிலும் நெடுக்குவாட்டில் வரிவரியாகக் கோடுகள், தடவினால் கையில் தட்டுப்படுகிறது. சத்துக் குறைவு என்கிறாள் ஒரு தோழி, கிட்னியைப் பார் என்கிறாள் இன்னொருத்தி. எது சரி?

பதில்: இரண்டும் இல்லை. வயது. நெற்றிக்குச் சுருக்கம் வருகிற மாதிரி நகத்துக்கு வரும் சுருக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் வெட்டித் தள்ளுகிற தகடு கெரட்டின் என்கிற புரதம், உயிரில்லாத பொருள். அதைச் செய்து வெளியே தள்ளுகிற இடம் தோலுக்குள் மறைந்திருக்கிறது, நகவேர் என்று சொல்லலாம். கட்டைவிரலில் வெள்ளையாகப் பிறை தெரிகிறதே, அது அந்த வேரின் எட்டிப் பார்க்கிற ஓரம். வயதாக ஆக வேரின் எல்லாப் பகுதியும் ஒரே சீராக வேலை செய்வதில்லை, ஓரிடத்தில் கொஞ்சம் தடிமனாகவும் பக்கத்திலேயே கொஞ்சம் மெலிசாகவும் தள்ளுகிறது, அந்த வித்தியாசம்தான் நுனிவரை வரியாக ஓடுகிறது. சிலருக்கு அந்த வரியில் மணி கோத்தது போல மேடுகளும் இருக்கும். மெருகு குறையும், நிறம் மங்கும், பிறையும் சின்னதாகும். முடி நரைப்பதோடு சேர்த்தி.

அரத்தை வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துகிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், ஏற்கெனவே மெலிந்த தகடு பிளந்துவிடும். வரிகளோடு நகம் வேகமாக மெலிந்துகொண்டே வந்து, மேலே இருக்கிற தோல் நகத்தின் மீது ஒட்டி வளர்ந்தால் அது வேறு கதை, தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதில் தாமதித்தால் வேர் தழும்பாகிவிடும், அப்புறம் நகம் திரும்பாது.

கேள்வி: அப்பாவுக்கு இரண்டரை மாதத்துக்கு முன் நிமோனியா வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் இருந்தார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் பத்து விரல் நகங்களிலும் குறுக்கே வாய்க்கால் வெட்டியது போல ஒரு பள்ளம். நோய் திரும்புகிறதா?

பதில்: திரும்பவில்லை, வந்துபோனது பதிவாகியிருக்கிறது. எனக்கு நகத்தில் மிகப் பிடித்த விஷயமே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உடம்பு பெரிய நெருக்கடியில் இருக்கும்போது அவசரமில்லாத வேலைகளையெல்லாம் நிறுத்திவைக்கும். நகம் செய்வது அப்படிப்பட்ட வேலை. வேர் சில நாள் கிட்டத்தட்ட நின்றுபோய், உடம்பு தேறியதும் மறுபடி தொடங்குகிறது. அந்த இடைவெளிதான் பள்ளம். 1846-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் ஹொனொரே சிமோன் போ இதை விவரித்தார், அவர் பெயரிலேயே போ கோடுகள் என்கிறோம். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது, ஆகவே பள்ளம் தோல் ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று அளந்தால் எப்போது உடம்பு படுத்தது என்று சொல்லிவிடலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் அளவுகோலை வைத்தே எடுத்திருக்கிறீர்கள் (நன்றி, இப்படி அல்லவா அனுப்ப வேண்டும்), சுமார் 6 மில்லிமீட்டர். இரண்டு மாதம். வேர் தோலுக்குள் இருப்பதால் பள்ளம் வெளியே தலைகாட்டவே சில வாரம் ஆகும், அதையும் சேர்த்தால் கணக்கு சரியாக வருகிறது.

பள்ளத்தின் ஆழம் வேர் எவ்வளவு முடங்கியது என்பதைக் காட்டும், அகலம் எத்தனை நாள் என்பதை. கீமோதெரபி எடுத்தவர்களின் நகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி கோடுகள் விழுவதுண்டு. கோவிட் வந்து தேறியவர்களிடமும் பார்த்தோம். அப்பாவின் கால் கட்டைவிரலையும் பாருங்கள், அங்கேயும் இருக்கலாம், ஆனால் கால்நகம் வளரும் வேகம் கைநகத்தில் பாதிதான் என்பதால் இன்னும் தோல் ஓரத்திலேயே நிற்கும். கையில் முழு நகமும் மாற ஆறு மாதம், கால் கட்டைவிரலில் ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை. எந்த மாத்திரையும் வேண்டாம், பள்ளம் தானாக நுனிக்கு வரும், வெட்டிப் போட்டுவிடலாம்.

இதே பள்ளம் ஒரு விரலில் மட்டும் இருந்தால் நிமோனியாவைத் தேட வேண்டியதில்லை. கதவிடுக்கில் மாட்டியிருக்கும், அல்லது அங்கே நகச்சுற்று வந்து போயிருக்கும்.

கேள்வி: மூன்று வயதுப் பையனுக்கு வலியே இல்லாமல் கைநகங்கள் அடியிலிருந்து கழன்று உரிந்து வருகின்றன. பயமாக இருக்கிறது.

பதில்: ஒன்றிரண்டு மாதத்துக்கு முன் காய்ச்சலோடு வாயில் புண், உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளம் என்று வந்து போனதா? கை, கால், வாய் நோய் என்பார்கள், சின்னப் பிள்ளைகளிடம் வேகமாகப் பரவும் வைரஸ். அது போனபிறகு நகம் இப்படிக் கழல்வது தெரிந்த விஷயம், மேலே சொன்ன பள்ளத்தின் இன்னும் ஆழமான வடிவம்தான். அடியில் புது நகம் வந்துகொண்டிருக்கும். பழையதைப் பிய்க்காமல், துணியில் மாட்டாதபடி நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வெட்டிவிடுங்கள். அப்படி எந்தக் காய்ச்சலும் வரவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கேள்வி: நகம் வளரும் வேகத்தை வைத்து உடம்பின் 'உண்மையான வயதை'க் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எனக்கு 61 வயது, வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்ட வேண்டியிருக்கிறது. நான் இளமையாக இருக்கிறேன் என்று அர்த்தமா?

பதில்: அப்படி நினைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கணக்கு அவ்வளவு எளிதில்லை.

வில்லியம் பென்னட் பீன் என்று ஒரு அமெரிக்க மருத்துவர் இருந்தார். 1941-ல், தன் 32-வது வயதில், இடது கட்டைவிரல் நகத்தில் தோலை ஒட்டி அரத்தால் ஒரு கீறல் போட்டு, அது நுனிக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்துவைக்க ஆரம்பித்தார். மாதாமாதம். 35 வருடம். அவ்வப்போது ஆய்விதழ்களில் எழுதிக்கொண்டே வந்து, 1980-ல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்: 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம் 67 வயதில் 0.095 மில்லிமீட்டர்தான் வளர்ந்தது. ஏறக்குறைய கால் பங்கு வேகம் குறைந்துவிட்டது. இந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான், நம்மால் ஒரு மாதம் தொடர்ந்து எடை பார்த்து எழுதிவைக்க முடிவதில்லை.

ஆக வயதோடு நகத்தின் வேகம் குறைவது உண்மை. ஆனால் அது ஒரே மனிதரை, ஒரே விரலில், வருடக்கணக்கில் அளந்தபோது தெரிந்தது. உங்களையும் உங்கள் மைத்துனரையும் பக்கத்தில் நிறுத்தினால் அந்த ஒப்பீட்டுக்குப் பெரிதாக அர்த்தமில்லை. பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேகம் மாறும். நடுவிரல் நகம் வேகமாகவும் சுண்டுவிரல் மெதுவாகவும் வளரும், கர்ப்பத்தில் வேகம் கூடும், சொரியாசிஸ் என்கிற தோல் நோய் இருந்தால் கூடும், ரத்த ஓட்டம் குறைந்தால் குறையும். உங்கள் நகம் வேகமாக வளர்கிறதா அல்லது நீங்கள் நீளத்தைப் பொறுக்காமல் வெட்டிவிடுகிறவரா என்பதே எனக்குச் சந்தேகம். பீன் மாதிரி ஒரு கீறல் போட்டுப் பாருங்களேன், மூன்று நாலு மாதம் கழித்து எழுதுங்கள்.

கேள்வி: நகத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். கால்சியம் குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறேன், போகவில்லை. முழு உடல் பரிசோதனை செய்துவிடலாமா?

பதில்: நகத்தால் கிள்ளுவதற்குக் கோடரி எதற்கு? அந்தப் புள்ளிகள் வேரில் எப்போதோ பட்ட சின்ன இடியின் தழும்பு. மேஜையில் தட்டியிருப்பீர்கள், நகக்கண்ணைக் கடித்திருப்பீர்கள், அழகு நிலையத்தில் தோலை அழுத்தித் தள்ளியிருப்பார்கள். பட்டது ஞாபகம் இருக்காது, ஏனென்றால் புள்ளி வெளியே தெரிவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். நகத்தின் உறுதி கால்சியத்தால் வருவதில்லை, அதில் கால்சியம் மிகச் சொற்பம். புள்ளி வளர்ந்து நுனிக்கு வந்துவிடும். மாத்திரை வேறு காரணத்துக்காக மருத்துவர் கொடுத்ததில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: புள்ளி இல்லை, மாமியாருக்கு நகம் முழுக்கவே வெள்ளையாகிவிட்டது, நுனியில் மட்டும் ஒரு சிவப்புப் பட்டை. வயது 72. இதுவும் சும்மாவா?

பதில்: இது சும்மா என்று நான் சொல்ல மாட்டேன். ரிச்சர்ட் டெர்ரி என்ற மருத்துவர் 1954-ல் கல்லீரல் சுருக்க நோய் உள்ள 100 பேரைப் பார்த்ததில் 82 பேருக்கு இப்படி நகம் வெளுத்திருந்தது என்று எழுதினார். பின்னால் இதய பலவீனம், சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும், ஒரு நோயும் இல்லாத முதியவர்களிடமும் இது இருப்பது தெரிந்தது. அதனால் 72 வயதில் இது வெறும் வயதாகவும் இருக்கலாம், ஆனால் கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரைக்கான சாதாரண ரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிட்டுத்தான் 'வயது' என்று சொல்ல வேண்டும். கால் வீங்குகிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதே போல இன்னும் இரண்டு வெள்ளைகள் உண்டு. அடிப்பாதி வெள்ளை, நுனிப்பாதி செம்பழுப்பு என்று கோடு கிழித்தாற்போல் இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோயில் பார்க்கிற நகம். குறுக்கே இரண்டிரண்டாக வெள்ளைப் பட்டைகள் இருந்தால் ரத்தத்தில் அல்புமின் என்கிற புரதம் குறைந்திருக்கலாம். இந்தப் பட்டை நகத்தில் இல்லை, அடியிலிருக்கிற சதையில் இருக்கிறது, அதனால் அழுத்தினால் மறையும், நகம் வளர்ந்தாலும் இடம்விட்டு நகராது. அல்புமின் சரியானால் போய்விடும்.

கேள்வி: போன இதழில் எழுதிய கரண்டி நகம் எனக்கு இருக்கிறது போல. எப்படி உறுதி செய்வது?

பதில்: நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வழியாமல் குழியில் நின்றால் கரண்டி நகம்தான். இரும்புச் சத்துக் குறைவில் வரும், ஆனால் எப்போதும் தண்ணீரிலோ எண்ணெய், பெட்ரோல் வகையறாவிலோ கையை வைத்து வேலை செய்கிறவர்களுக்கும் வரும், கைக்குழந்தைகளின் கால்நகத்தில் இயல்பாகவே இருக்கும். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பாருங்கள், சேமிப்பில் இரும்பு தீர்ந்துபோனது அதில்தான் முதலில் தெரியும்.

நீங்கள் உங்கள் வயதை எழுதவில்லை. மாதவிலக்கு அதிகமாகப் போகிற பெண் என்றால் காரணம் அங்கேயே இருக்கலாம். ஆண் என்றால், அல்லது மாதவிலக்கு நின்றுபோன பெண் என்றால், இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது. இரும்பு எங்கே போகிறது என்று தேட வேண்டும், வயிற்றிலோ குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம், அது புண்ணாகவும் இருக்கலாம் புற்றாகவும் இருக்கலாம். மாத்திரை போட்டு ஹீமோகுளோபின் ஏறியதும் நிம்மதியாகி இந்தத் தேடலை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: 30 வருடமாகப் புகைப்பவன். விரல் நுனிகள் உருண்டு, நகம் கிளி மூக்கு போல வளைந்துவிட்டது. வலி இல்லை. மூச்சு கொஞ்சம் வாங்கும், அது பழைய தொல்லை.

பதில்: இந்த இதழில் வந்த எல்லாக் கடிதத்திலும் எனக்கு அதிகக் கவலை கொடுத்தது உங்களுடையதுதான், வலி இல்லை என்று நீங்கள் சாதாரணமாக எழுதியிருப்பதால் இன்னும் கூடுதலாக.

விரல் நுனி தடித்து நகம் கவிழ்வது ஹிப்போக்ரட்டிஸ் காலத்திலிருந்தே மருத்துவர்களுக்குத் தெரிந்த அடையாளம். நுரையீரல் புற்று, நுரையீரலில் நாள்பட்ட சீழ், மூச்சுக்குழாய்கள் விரிந்து கெடுவது, பிறவியிலேயே ரத்தம் நீலம்பாய்கிற இதயக் கோளாறு, இதயத்தின் உள்சவ்வில் கிருமித்தொற்று, குடல் அழற்சி, கல்லீரல் நோய் என்று பட்டியல் நீளம். சில குடும்பங்களில் பரம்பரையாகவே இருக்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: புகையால் வருகிற சாதாரண மூச்சுத்திணறல் நோய் மட்டும் இருந்தால் விரல் இப்படி ஆவதில்லை. அதனால் 'அது பழைய தொல்லை' என்று இதையும் அதன் கணக்கில் எழுதிவிட முடியாது, வேறு ஏதோ சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கையின் ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் முதுகு ஒட்டும்படி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நகங்களின் அடிப்பக்கத்தில் சின்னதாக வைர வடிவில் ஒரு சந்து தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் விரல் தடித்திருக்கிறது. லியோ ஷாம்ராத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் 1976-ல் எழுதியது இது, யாரிடம் பார்த்து எழுதினார் தெரியுமா, தன்னிடமே. அவருக்கு இதய உள்சவ்வில் தொற்று வந்தபோது தன் விரல்கள் மாறுவதைக் கவனித்தார்.

சந்து இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் இந்த வாரமே போய் மார்பு எக்ஸ்ரே எடுங்கள், அது சுத்தமாக வந்தாலும் சிடி ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வலது கட்டைவிரல் நகத்தில் பென்சிலால் போட்டது போல ஒரு கறுப்புக் கோடு. அம்மாவுக்கும் ஐந்தாறு விரலில் இப்படி உண்டு. விட்டுவிடலாமா?

பதில்: அம்மாவினுடையதை விட்டுவிடலாம், உங்களுடையதைக் காட்ட வேண்டும். முதலில் சொன்ன விதிவிலக்கு இதுதான், இங்கே ஒரே ஒரு நகம் என்பதுதான் கவலை.

கறுப்பு, மாநிறத் தோல் உள்ளவர்களுக்கு வயதாக ஆகப் பல நகங்களில் இப்படிக் கோடு விழுவது இயல்பு, வேரில் இருக்கிற நிறமி கொஞ்சம் விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சில மருந்துகளாலும் வரும். ஆனால் பெரியவர் ஒருவருக்கு, புதிதாக, ஒரு நகத்தில் மட்டும், அதுவும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ வந்தால் மெலனோமா என்கிற தோல் புற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கோடு 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாவது, ஓரம் கலங்கிப்போவது, ஒரே கோட்டில் இரண்டு மூன்று நிறம் தெரிவது, நுனியைவிட அடியில் அகலமாக இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக நகத்தைத் தாண்டி ஓரத்துத் தோலிலும் கறுப்பு படர்வது, இவை அவசர அறிகுறிகள்.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் கதை இதற்காகவே மருத்துவ வகுப்புகளில் சொல்லப்படுகிறது. வலது கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததைக் கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றே நினைத்தார்கள். 1977-ல் மெலனோமா என்று தெரிந்தது. 1981 மே 11-ல் இறந்தபோது அவருக்கு 36 வயது. வெயிலில் திரிகிறவர்களின் நோய், வெள்ளைத் தோலுக்கு வருவது என்று பலர் நினைக்கிற புற்று, நம் மாதிரித் தோலுக்கு வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடத்தில்தான் அதிகம் வருகிறது.

அடிபட்ட ரத்தக்கட்டா, வேறா என்று எப்படித் தெரியும்? ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து நகரும், பின்னால் சுத்தமான நகம் வரும். இரண்டு மாதத்தில் அடிப்பக்கம் தெளியவில்லை என்றால் அது ரத்தக்கட்டு இல்லை. உங்களுடையது வேரிலிருந்து நுனிவரை ஓடுகிற கோடு, அதனால் அந்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டாம். தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்கிற பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் வேரிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்.

கேள்வி: நகம் அட்டை அட்டையாக உரிந்து உடைகிறது. பயோட்டின் சாப்பிட்டால் சரியாகுமா?

பதில்: எத்தனை முறை ஒரு நாளில் கை நனைகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நகம் தண்ணீரை உறிஞ்சி விரியும், காய்ந்ததும் சுருங்கும், இது நாளுக்கு முப்பது தடவை நடந்தால் தகட்டின் அடுக்குகள் பிரிந்துவிடும். சோப்பும் நெயில் பாலிஷ் ரிமூவரும் மிச்ச எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். பாத்திரம், துணி வேலைக்குக் கையுறை, ஒவ்வொரு முறை கழுவியபிறகும் நகத்தின் மேலும் சேர்த்து ஏதாவது ஒரு மாய்ஸ்சரைசர், நகத்தைக் குட்டையாக வைப்பது: ஆறு மாதம் இதைச் செய்தாலே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. கால்நகம் நன்றாக இருந்து கைநகம் மட்டும் உடைந்தால் குற்றவாளி தண்ணீர்தான். இருபதும் உடைந்தால் தைராய்டையும் இரும்பையும் பார்க்கலாம்.

பயோட்டின் என்கிற வைட்டமினுக்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் சின்னச் சின்ன ஆய்வுகள்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம், கடையில் விற்கிற மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கிறது. அதிகமானால் சிறுநீரில் போய்விடும், என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். கெடுதல் ரத்தப் பரிசோதனையில். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே ஒட்டும் பொருளாகப் பயன்படுத்துவதால், உங்கள் ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் முடிவு தப்பாக வரும். தைராய்டு நன்றாக இருப்பவருக்கு அதிகமாகச் சுரப்பது போல் காட்டும். அதைவிட மோசம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதற்கு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. சாப்பிடுவதென்றால் சாப்பிடுங்கள், ஆனால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது சொல்லாமல் இருக்காதீர்கள். நகத்துக்குச் சாப்பிடுவதை மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை, அதுதான் சிக்கல்.

கேள்வி: பெருவிரலில் நகச்சொத்தை. ஒரு வருடமாக ஆயின்ட்மென்ட் போடுகிறேன், அப்படியே இருக்கிறது.

பதில்: சொத்தை என்று யார் சொன்னது? கெட்டுப்போன நகங்களில் பாதிதான் பூஞ்சையால் வருவது. மீதியில் சொரியாசிஸ் இருக்கும், செருப்பின் அழுத்தம் இருக்கும். நகத்தடியில் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும், அதைச் செய்யாமல் ஒரு வருடம் களிம்பு பூசியிருக்கிறீர்கள். கைநகங்களில் ஊசியால் குத்தியது போலப் புள்ளிக் குழிகளோ, எண்ணெய்க்கறை போல மஞ்சள் திட்டோ இருந்தால் சொரியாசிஸ் பக்கம் சந்தேகப்படுங்கள், காலையில் விரல் மூட்டு விறைக்கிறதா என்றும் பாருங்கள், நகத்தில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டுவாதமும் வருகிற வாய்ப்பு கூடுதல்.

பூஞ்சைதான் என்று உறுதியானால் சாதாரணக் களிம்பு நகத்தகட்டைத் தாண்டி உள்ளே போகாது. டெர்பினஃபின் மாத்திரை, கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம், கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். மாத்திரை முடிந்த அன்றைக்கும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும், புது நகம் வளர்ந்து வரும்வரை பொறுக்க வேண்டும். கால்விரல் இடுக்கில் இருக்கிற பூஞ்சையையும் சேர்த்துத் தீர்க்காவிட்டால் திரும்ப வரும்.

கேள்வி: கட்டைவிரல் நகங்கள் இரண்டிலும் நடுவில் மட்டும் ஏணிப்படி மாதிரி குறுக்கு வரிகள். மற்ற எட்டும் சுத்தம்.

பதில்: யோசனையில் இருக்கும்போது ஆள்காட்டி விரலால் கட்டைவிரல் நகத்தின் அடித்தோலை நிமிண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். இல்லை என்பீர்கள். வீட்டில் கேளுங்கள். கொஞ்ச நாள் அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவையுங்கள், வரும் நகம் சமமாக வரும்.

கேள்வி: சுண்டுவிரலில் பிறையே இல்லை. ரத்த ஓட்டம் குறைவா? இன்னொன்று, இறந்தபிறகும் நகம் வளருமாமே?

பதில்: பிறை பெரும்பாலோருக்குக் கட்டைவிரலில் தெரியும், சுண்டுவிரலில் பலருக்குத் தோலுக்குள் மறைந்திருக்கும், அதை வைத்து ஜாதகம் எழுத முடியாது. இறந்தபிறகு எதுவும் வளராது. தோல் காய்ந்து பின்னால் இழுத்துக்கொள்வதால் நகம் நீண்டது போல் தெரிகிறது.

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது, சர்க்கரை உண்டு. கால் பெருவிரல் நகம் ஆட்டுக்கொம்பு போலத் தடித்து வளைந்துவிட்டது. நகவெட்டி நுழையவே மாட்டேன் என்கிறது. பிளேடால் சீவலாமா?

பதில்: பிளேடைக் கீழே வையுங்கள். சர்க்கரை உள்ளவரின் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், நீங்கள் வெட்டுவது சதை என்பதே அவருக்குத் தெரியாது, அந்தக் காயம் ஆறாமல் போய் விரலை எடுக்கிற நிலைக்கு வந்துவிடும். இப்படித் தடித்துவிட்ட நகத்தை, முக்கியமாகச் சர்க்கரை இருக்கும்போது, பாதநோய் சிகிச்சைப் பிரிவிலோ தோல் மருத்துவரிடமோ தேய்த்துக் குறைக்கச் சொல்வதுதான் சரி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும்.

மற்ற விரல்களை நீங்கள் வெட்டலாம். குளித்த உடனே, நகம் ஊறி மெத்தென்று இருக்கும்போது, ஒரே வெட்டாக இல்லாமல் துணுக்குத் துணுக்காக, நேர்கோட்டில். ஓரங்களை உள்ளே வளைத்து வெட்டினால் சதைக்குள் குத்தி வளரும். வயதானவர்களுக்குக் குனிந்து தன் காலைப் பார்க்கவே முடிவதில்லை, இதைச் சொல்லவும் கூச்சப்படுவார்கள், ஆகவே வெட்டுகிற சாக்கில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் புரட்டிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் அந்தச் செருப்பு: பெருவிரல் நகம் முன்பக்கத்தில் இடிக்கிறதா என்று உங்கள் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.